நேசமணி தலையில் காணாமல் போன சுத்தியல்

போன மாதம் என் பக்கத்தில் வடிவேலு பற்றி ஒரு கட்டுரை போட்டேன். நடுவில் மூன்று ஜிஃப் படங்கள். அக்கா மகள் பஸ்ஸில் வரும்போது போனில் திறந்து பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "மாமா, சுத்தியல் விழுறதுக்குள்ள காளவாசல் ஸ்டாப்பே வந்துருச்சு."

இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். அன்று ராத்திரியே ஒரு ஆன்லைன் கருவியில் படத்தைக் கொடுத்து, நாலு ஃபிரேமுக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினேன். கோப்பு சின்னதாகிவிட்டது, சட்டென்று திறக்கிறது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழும் காட்சி அது. 2019 மே மாதம் ட்விட்டரையே கலக்கிய அதே சுத்தியல். என் புதுக் கோப்பில் ஒரு ஃபிரேமில் சுத்தியல் மேலே இருக்கிறது, அடுத்ததில் அடி விழுந்து முடிந்துவிட்டது. தலையைத் தொடும் கணமே இல்லை!

'ஜிஃப் அளவைக் குறைக்க முதலில் ஃபிரேமைக் குறை' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த அறிவுரையோடுதான் எனக்குச் சண்டை.

கணக்கைப் பார்ப்போம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். மூன்று விநாடிக்கு 72. படம் 480க்கு 270 என்றால் ஒரு ஃபிரேமில் 1,29,600 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் வைத்தால், சுருக்குவதற்கு முன் சுமார் 93 லட்சம் பைட். அதையே 320க்கு 180 ஆக்கினால் சுமார் 41 லட்சம்தான். ஒரு ஃபிரேமைக்கூடத் தொடாமல் பாதிக்கு மேல் மிச்சம். போன் திரையில் இந்த அளவே தாராளம்.

அடுத்தது புள்ளித் தூவல். 1987-ல் கம்ப்யூசெர்வ் கொண்டுவந்த வடிவம் இது. ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான் பொதுவான எல்லை. இல்லாத நிறத்தை இருப்பதுபோல் காட்ட, கருவிகள் புள்ளிகளைத் தூவிக் கலக்கும். ஆனால் ஜிஃப்பின் சுருக்கும் முறை, திரும்பத் திரும்ப வரும் வரிசைகளை நம்பித்தான் பிழைக்கிறது. ஃபிரேமுக்கு ஃபிரேம் தூவல் மாறினால், அசையாத சுவரும் அசைகிற மாதிரி ஆகிவிடும். தூவலை நிறுத்தினாலோ, இடம் மாறாத ஒழுங்கான தூவலுக்கு மாற்றினாலோ கோப்பு நன்றாக இளைக்கும். கிஃப்சிகிள் போன்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால், முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஃபிரேமில் கை வைக்க வேண்டும். அதுவும் கண்ணால் பார்த்து. ஜிஃப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனி நேரம் கொடுக்கலாம், விநாடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். வடிவேலு பேந்தப் பேந்த விழிக்கிற இடத்தில் 15 ஃபிரேம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், ஒன்றை வைத்து அதற்கு 60 என்று நேரம் கொடுத்தால் போதும். சுத்தியல் விழும் ஃபிரேம்களில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. வெட்டியதன் நேரத்தை முந்தைய ஃபிரேமோடு கூட்ட மறந்தால் மனுஷன் ஓட்டமாய் ஓடுவார். இணையத்தில் பாதி வடிவேலு அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் வலைப்பக்கத்துக்கு ஜிஃப்பே வேண்டாம். ட்விட்டர் 2014 முதலே ஜிஃப்பை எம்பி4 ஆக மாற்றித்தான் காட்டியது. சத்தமில்லாமல், தானாக ஓடி, திரும்பத் திரும்ப வருகிற குட்டி வீடியோவாகப் போட்டால் இதே காட்சி பல மடங்கு சின்னதாகிவிடும். என் பக்கத்திலும் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். ஜிஃப் மட்டுமே செல்லும் மின்னஞ்சல் மாதிரி இடங்களுக்கு மேலே சொன்ன வரிசை.

மதுரைக்காரர் வடிவேலுவின் கலை வசனத்தில் மட்டும் இல்லை, அடிக்கும் முழிக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் இருக்கிறது. நிறம் போனாலும் அவர் பிழைத்துக்கொள்வார், இடைவெளி போனால் பிழைக்க மாட்டார். எதை வெட்டுவது என்று கருவிக்குத் தெரியாது. சிரித்தவனுக்குத்தான் தெரியும்.

நேற்று அக்கா மகளிடம் மறுபடி காட்டினேன். காளவாசல் வருவதற்கு முன்பே சிரித்துவிட்டாளாம்.