விளங்காத சொல்லும் விளங்க மறுக்கும் செவியும்
ஈழத்து ஆக்க இலக்கியத்திற் பிரதேச வழக்குப் பற்றிய ஒரு நோக்கு

1

ஈழத்து நாவல், சிறுகதைத் தொகுதிகள் பலவற்றின் இறுதிப் பக்கங்களில் அருஞ்சொல் விளக்கம் என்ற பெயரில் ஒரு பட்டியல் இடம்பெறுவதை வாசகர் கண்டிருப்பர். கெதி என்பது விரைவு, வடிவு என்பது அழகு, பகிடி என்பது வேடிக்கைப் பேச்சு, படலை என்பது வேலியில் அமைந்த வாயிற்கதவு என அப்பட்டியல் நீண்டு செல்லும். வெளியூர் வாசகர்க்கு விளங்காது என்ற எண்ணமே அதன் தோற்றுவாய். அவ்வெண்ணம் பிழையானதன்று. ஆயினும், விளங்காமை என்பது சொல்லில் உள்ள ஒரு குணமா, அன்றிச் சொல்வோருக்கும் கேட்போருக்கும் இடையேயுள்ள உறவின் விளைவா என்ற வினாவை நமது விமரிசகர் போதிய அளவு எழுப்பினார் என்று கூறுவதற்கில்லை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்வினாவையே.

பிரதேச வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனத் தொல்காப்பியம் வகுத்தது. உரையாசிரியர், பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர், தென்பாண்டி நாட்டார் ஆவினையும் எருமையினையும் பெற்றம் என்பர் என உதாரணங்காட்டினர். செய்யுளுக்குரிய சொற்களுள் ஒன்றாகத் திசைச்சொல்லை இலக்கணம் ஏற்றுக்கொண்டமை அதன் பெருந்தன்மை. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வைகையாற்றின் வடக்கு, மருதயாற்றின் தெற்கு என எல்லை வகுத்துச் செந்தமிழ் நிலம் இதுவெனக் காட்டிய பின்னரே ஏனைய நிலங்கள் திசைகள் ஆயின. நடுவண் நிற்போனுக்கே திசைகள் உண்டு. பூழிநாட்டானுக்கு ஞமலி திசைச்சொல் அன்று. அது அவன் வீட்டு வாயிலிற் படுத்திருக்கும் நாய்.

2

இந்த நடுவண் நிலை நவீன காலத்தில் அச்சகத்துக்கும் சந்தைக்கும் கைமாறிற்று. சென்னையிலிருந்து வெளிவந்த வாரச் சஞ்சிகைகள் பல ஆண்டுகளாக ஈழத்துக்குப் பெருந்தொகையாக வந்தன. அவற்றின் கதைகளில் ஆத்துக்காரர், அத்திம்பேர், மன்னி முதலிய சொற்கள் சரளமாக வழங்கின. தஞ்சாவூர் அக்கிரகாரத்தின் பேச்சு அது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அத்தகைய உறவுப்பெயர் கேட்டறியாத வாசகர் அவற்றை அடிக்குறிப்பு எதுவுமின்றியே வாசித்து விளங்கிக்கொண்டனர். அத்திம்பேர் யாரென எவரும் சஞ்சிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்டதாக நாம் அறியோம். ஆனால் ஈழத்துக் கதைமாந்தர் ஓம் என்றோ கதைத்தல் என்றோ கூறியவுடன் அடிக்குறிப்பு வேண்டப்பட்டது.

இரண்டும் பிரதேச வழக்குகளே. ஒன்று மற்றதினும் இயல்பாகவே எளிதானது என்பதற்கு மொழியியல் அடிப்படை எதுவுமில்லை. ஒன்று மூலதனத்தோடும் விநியோக வலையமைப்போடும் வந்தது. மற்றது அவையின்றி வந்தது. எவருடைய பேச்சை எவர் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டார் என்பதே இங்கு வேறுபாடு. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்ப் பிரசுரமும் வாசகர் கூட்டமும் விரிவடைந்தமை இதன் மறுபக்கம்.

உச்சரிப்பைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். ரீ, ரயர், ரொறொன்ரோ என ஈழத்தார் எழுதுவதைக் காணும் தமிழகத்து வாசகர் திகைப்பர், சிலர் நகைப்பர். இவ்வெழுத்து முறைக்கு ஒலியியல் நியாயம் உண்டு. காற்று என்பதனைத் தமிழகத்திற் பெரும்பாலார் காத்து என்று மொழிய, யாழ்ப்பாணத்தார் நாநுனி பல்முகட்டைத் தொட்டுப் பிறக்கும் பழைய ஒலியைப் பேணி வந்துள்ளனர். ஆங்கிலச் சொற்களில் வரும் ஒலி அவர்தம் செவிக்கு டகரத்தினும் இவ்வொலிக்கே அண்மையானதாகப் பட்டது. ஆகவே றகர ரகரங்களால் எழுதினர். உவன், உது என்னும் உகரச் சுட்டு தமிழகப் பேச்சில் அருகிவிட, யாழ்ப்பாணத்திற் சிறுவர் வாயிலும் வழங்கியமை அறிஞர் பலரும் எடுத்துக்காட்டியதே. ஆயினும் பழைமையைச் சான்று காட்டி நமது வழக்குக்கு உயர்வு தேடுவது நமது நோக்கமன்று. பழைய ஒலி என்பதால் ஒரு பேச்சு மதிப்புப் பெறுமாயின், புதிதாகப் பிறந்த பேச்சுக்கள் மதிப்பிழக்க வேண்டிவரும். மதிப்பு, பேசும் மக்களுக்குரியது.

3

மேற்கூறியவற்றோடு நிறுத்தினால் நாம் தமிழகத்தைக் குறைகூறித் திருப்தியடையும் எளிய தேசியவாதிகளாவோம். பிரச்சினையின் கடினமான பகுதி ஈழத்துக்கு உள்ளேயே உள்ளது.

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் நாநாடகத்தை வெளியிட்டபோதே யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழ் அச்சேறி மதிப்புப் பெற்றது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய பின்னர், இதுவரை எழுதாத சமூகப் பிரிவுகளிலிருந்து எழுத்தாளர் வந்தனர். 1960இல் வெளியான டொமினிக் ஜீவாவின் தண்ணீரும் கண்ணீரும் சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. இதனை அடுத்தே, 1960களின் முற்பகுதியில், பேச்சுவழக்கில் எழுதுவோர் இழிசனர் வழக்கை இலக்கியமாக்குகின்றனர் என்ற குற்றச்சாட்டு வலுவடைந்தது.

இக்குற்றச்சாட்டை எழுப்பியோர், தமக்கு அம்மொழி விளங்கவில்லை என்று கூறியிருக்க இயலாது. அவர்தம் வயல்களிலும் வளவுகளிலும் வேலை செய்தோர் பேசிய மொழி அது. நாள்தோறும் அவர்கள் கேட்ட மொழி. முற்றத்தில் விளங்கிய அதே சொல் புத்தகத்தில் அருவருப்பூட்டியது ஏன்? முற்றத்தில் அச்சொல் ஏவலுக்கு விடையாக வந்தது. புத்தகத்தில் அது வினாவாக வந்தது. தமிழகத்து வாசகனின் விளங்காமைக்கும் யாழ்ப்பாணத்து மரபுவாதியின் விளங்க மறுத்தலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது மண்வாசனை பற்றிப் பேசுதல் பயனற்றது.

ஓர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். கமக்காரன் என்ற சொல்லுக்கு அருஞ்சொற் பட்டியல் விவசாயி எனப் பொருள் தரும். அகராதிப்படி அது சரியானதே. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியினர் நிலவுடைமையாளரை விளிக்கும்போது கமக்காரன் என்பதும் நயினார் என்பதும் தொழிலைக் குறிக்கவில்லை. நிலம் எவரிடம் உள்ளது, தலை எவர் தாழ்த்த வேண்டும் என்பதனைக் குறித்தன. அவ்வாறே நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகள் யாழ்ப்பாணத்திலுண்டு. நிலக்கிழாரின் சிறுபிள்ளை முதியவர் ஒருவரை நீ என்று அழைக்குமிடத்து, அந்த ஓரெழுத்துச் சொல்லை எந்த அடிக்குறிப்பு விளக்கும்? 1972இல் வெளியான கே. டானியலின் பஞ்சமரை வாசிக்கும் வெளியூரார் உண்மையிற் தடுமாறும் இடம் இதுவே. சொல் விளங்கிவிடும், சொல்லின் கீழுள்ள உற்பத்தி உறவு விளங்காது. 1966 ஒக்ரோபர் முதல் எழுந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் இவ்விளிகளின் அடித்தளத்தையே அசைத்தன. நயினார் என்ற விளி அருகியமைக்குக் காரணம் இலக்கணத் திருத்தம் அன்று.

4

இனி, விமரிசனம் நம்மையும் நோக்கித் திரும்புதல் வேண்டும். யாழ்ப்பாண வழக்கையே ஈழத்து வழக்கு எனக் கொள்ளும் பழக்கம் முற்போக்காளரிடையிலும் இருந்தது. மட்டக்களப்பாரின் மறுகா, ஒண்ணா என்பனவும், கா என முடியும் அன்பு விளியும் நமது மேடைகளிற் பல காலம் நகைச்சுவைக்கே பயன்பட்டன. போடியாருக்கும் வயற்காரனுக்கும் இடையேயுள்ள உறவை அறியாமலே அச்சொற்களை நாம் கேட்டுச் சிரித்தோம். முஸ்லிம் மக்களின் உம்மா, வாப்பா, ராத்தா, மௌத்து முதலிய சொற்களும் நீண்ட காலம் பிறர் சொற்களாகவே நோக்கப்பட்டன.

மலையகத்தின் நிலை இன்னும் கூர்மையானது. பேர் என்பது தமிழர் அனைவரும் அறிந்த சொல். ஆயினும் தோட்டத்தில் எனக்கு அரைப்பேர்தான் போட்டார்கள் என ஒரு பெண் கூறும்போது யாழ்ப்பாணத்துப் பட்டதாரியும் திகைப்பார். அங்கு பேர் என்பது ஒரு நாட் கூலிக்குரிய பதிவு. குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தால் பாதிக் கூலியே உண்டு, அதுவே அரைப்பேர். பிரட்டு, லயம், கங்காணி, செக்றோல் என்பனவும் இவ்வாறே தோட்ட முறைமை ஈன்ற சொற்கள். இங்கு திகைப்பூட்டுவது அரிய சொல் அன்று. மிக எளிய தமிழ்ச் சொல்லே. மனிதரின் பெயர் கூலியின் அலகாகிவிட்டது. அதனையும் இரண்டாகப் பிளக்கலாம் என்றாயிற்று. சுரண்டலின் இயல்பை இதனிலும் சுருக்கமாக எந்தக் கோட்பாட்டு நூலும் கூறியதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மக்களின் வரலாற்றைக் கற்கும் நாம், அவர்தம் சொற்களைக் கற்கத் தவறினோம்.

இன்னுமொன்று. நமது முற்போக்குக் கதைகள் பலவற்றிற் பாத்திரங்கள் பிரதேச வழக்கிலும் ஆசிரியர் செந்தமிழிலும் பேசுவர். மேற்கோட்குறி ஒரு வேலியாக நிற்கும்: வேலிக்கு அப்பால் மக்கள், இப்பால் அவர்களை விளக்கும் நாம். சிந்தனையும் தீர்ப்பும் செந்தமிழுக்கே உரியன, அழுகையும் ஏச்சும் வழக்குக்கு உரியன என்ற பாகுபாட்டை, மரபுவாதிகளை எதிர்த்தவாறே நாம் ஏற்றுக்கொண்டோம். 1976இல் வெளியான கோபல்ல கிராமத்திற் கி. ராஜநாராயணன் கதைசொல்லும் குரலையே கரிசல் மண்ணின் குரலாக்கினார். அது வெறும் உத்தி வேறுபாடு அன்று. அறிவு எவரிடம் உள்ளது என்பது பற்றிய நிலைப்பாடு. இக்கட்டுரையே செந்தமிழில் அமைந்திருப்பதையும் வாசகர் சுட்டலாம். அச்சுட்டு நியாயமானதே.

5

1992இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஈழத்துச் சொற்களை இலங்கை வழக்கு எனக் குறியிட்டுச் சேர்த்துக்கொண்டது. அது வரவேற்கத்தக்க முன்னேற்றம். பட்டியல்களும் அகராதிகளும் தேவை. அவற்றை வேண்டாமென நாம் கூறவில்லை. ஆனால் அடிக்குறிப்பு பொருளோடு நின்றுவிடலாகாது. கமக்காரன் என்பதன் கீழ் நிலமும், அரைப்பேர் என்பதன் கீழ்த் தராசும் தெரிதல் வேண்டும். மண்வாசனையை அளக்க முற்படும் விமரிசகன் ஒரு நூலில் எத்தனை வழக்குச் சொற்கள் உள்ளன என எண்ணுவதை விடுத்து, அச்சொல்லை எவர் எவரிடம் கூறுகிறார், மறுமொழி கூறும் உரிமை எவருக்குண்டு என வினவுதல் வேண்டும்.

விளங்கவில்லை என்பது பல வேளைகளில் வாசகனின் நேர்மையான ஒப்புதல். அதனைப் போக்குதல் எழுத்தாளனுக்கும் விமரிசகனுக்கும் உரிய கடமை. சில வேளைகளில் அது ஒரு வர்க்கத்தின் தீர்ப்பு. அதனை எதிர்த்தலும் அதே கடமையின் பாற்பட்டதே. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதிலேயே நமது விமரிசனம் இன்னும் முதிர வேண்டியுள்ளது.