பழங்குழலும் புதுச்சுருதியும்

பழைய புல்லாங்குழலைச் சற்றே இழுத்து நீட்டினால் அது இக்காலச் சுருதிக்கு இசைந்துவிடும் என்பார் உளர். இக்கூற்று ஆராய்தற்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட குழல்கள் பல, 'ஏ' என்னும் சுரம் நொடிக்கு 452 அதிர்வாக ஒலிக்குமாறு அமைந்தவை. 1939இல் இலண்டன் மாநாடு பரிந்துரைத்ததோ 440. இவ்வளவு தாழ்த்த, 60 செ.மீ. குழலை ஏறத்தாழ 16 மி.மீ. நீட்டல் வேண்டும். ஆயின், 30 செ.மீ. நீளத்தில் பிறக்கும் சுரத்திற்கு 8 மி.மீ.யே போதும். தலைப்பகுதியை இழுத்தாலோ எல்லாச் சுரங்களுக்கும் 16 மி.மீ. கூடும்; அடிச்சுரம் பொருந்த, மேற்சுரம் மிகத் தாழும். துளைகளின் இடைவெளி மாறாமையே காரணம். சிறு வேறுபாட்டிற்கன்றி இம்முறை உதவாது.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவினைஞர் ஒரே குழலுக்கு வெவ்வேறு நீளமுள்ள நடுத்துண்டுகளைத் தனித்தனியே துளையிட்டு அளித்தனர். தமிழகத்திலும் திமிரியை நீட்டிப் பாரி நாகசுரம் ஆக்கினாரல்லர். தாழ்ந்த சுருதிக்கென நீண்ட கருவியையே புதிதாகக் கடைந்தனர்.

ஆதலின், பழங்குழலின் துளைகளை அடைத்து மீண்டும் துளையிடுதல் தகாது. அக்காலச் சுருதிக்கு அக்குழலே சான்று. சான்று சிதைந்தபின் மீளாது. அதன் அளவுகளைத் தக்கவாறு பெருக்கிப் புதுக்குழல் செய்தலே முறை. பழங்குழல் தன் சுருதியிலேயே ஒலிக்கட்டும்.