தெளிப்பு வண்ணமும் யதார்த்தமும்

மலையகத்து லயத்துச் சுவரில் ஸ்பிரே பெயின்ற் எனப்படும் தெளிப்பு வண்ணத்தால் எழுதப்பட்டது போன்ற தோற்றத்தைக் கணினியிலே உருவாக்க முனையும் வடிவமைப்பாளன், நம் விமரிசகர் நெடுங்காலம் விவாதித்துவந்த யதார்த்தப் பிரச்சினையையே வேறொரு வடிவில் எதிர்கொள்கிறான். 1984இல் வெளிவந்த மக்பெயின்ற் மென்பொருளிலேயே தெளிப்புக் கருவி இடம்பெற்றிருந்தது. புள்ளிகளைத் தூவும் வசதி அன்று தொட்டே உண்டு. புள்ளிகள் பெருகியதனால் மட்டும் யதார்த்தம் கைகூடிவிடுமா என்பதே வினா.

'மலையகம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மாற்று வடிவங்கள் சேர்க்கப்படாத தெளிப்பு எழுத்துருவொன்றில் இதனைத் தட்டச்சிட்டால், முதல் மகரத்தில் எங்கெங்கு துளி சிதறியுள்ளதோ, இறுதி மகரத்திலும் அங்கங்கே அதே துளி நிற்கும். மனிதக் கை இவ்வாறு எழுதாது. தகடு வெட்டித் தெளிப்பதாகக் காட்டும் வடிவங்களில் இன்னொரு பொய்யும் உண்டு. ககரத்தின் சுழிக்குள் அடைபட்ட பகுதி தகட்டோடு பொருந்தி நிற்கச் சிறு பாலமொன்று விடப்படாவிடின் அது கீழே விழுந்துவிடும். பாலமில்லாத ககரம் எந்தத் தகட்டிலிருந்தும் பிறந்திருக்க முடியாது. தேயிலைப் பெட்டிகளின்மீது தோட்டத்தின் பெயரையும் தரத்தையும் நிறையையும் தகடு வைத்துப் பொறித்த தொழிலாளி இதனை எந்தக் கலைக்கூடத்திலும் கற்றவனல்லன். (அவன் கையிலிருந்தது தூரிகை என்பது உண்மையே, ஆயினும் தகட்டின் விதி ஒன்றுதான்.)

துளி ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஸ்பிரே டின்னைச் சுவருக்கு அண்மையிற் பிடித்தால் வண்ணம் செறிந்து வழியும். விலக்கிப் பிடித்தால் விளிம்பு பரந்து மங்கும். கை விரைந்த இடம் மெலியும், தயங்கிய இடம் தடிக்கும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் டின்னின் அமுக்கம் குறைவதால் துளிகள் பருத்து விழும். ஈரக்காற்றில் வண்ணம் தாமதித்தே உலருமாதலால் வழிவும் நீளும். பொடியுதிரும் சுண்ணாம்புச் சுவரிலோ வண்ணம் ஊன்றாது உரியும். இவற்றைக் கணினியிற் செய்ய வழியில்லாமலில்லை. சுவரை ஓர் அடுக்காகவும் வண்ணத்தை வேறோர் அடுக்காகவும் கொண்டு, துளியின் அளவு, செறிவு, சிதறல் ஆகியவற்றைக் கையின் வேகத்தோடு மாறச்செய்து, வழிவைச் செறிந்த இடத்திலிருந்தே தொடங்கவேண்டும். காகிதத்தில் உண்மையாகவே தெளித்து, அதனை ஒளிவருடிச் சேர்ப்பது இதனினும் நன்று.

எனினும் நுட்பத்தோடு பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. வடிவமைப்பாளருக்கென விற்கப்படும் 'பழைய சுவர்'ப் படங்களில் வெடிப்பும் கறையும் அழகுப் பொருள்களாகிவிடுகின்றன. லயத்தில் அவை வாழ்க்கை நிலையின் அடையாளங்கள்: கூரைத் தகரம் ஒழுகிய நீர் மேலிருந்து கறையிடும், நிலத்தின் ஈரம் அடியிலிருந்து ஏறும். எங்கோ ஓர் ஐரோப்பிய நகரின் செங்கற் சுவரைக் கொணர்ந்து ஒட்டினால் இவ்விரண்டும் அங்கே இரா. கறையை மட்டும் நகலெடுப்பது இயற்பண்புவாதத்தின் எல்லை. காரணத்தையும் புலப்படுத்துவதையே நாம் யதார்த்தம் என்கிறோம்.

1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை பல்லாண்டு இழுபட்டு, 2021 மார்ச்சிலேயே வர்த்தமானியில் ஏறியது. அந்த எண்ணைத் திரையில் தெளிப்பு வண்ணத்தில் எழுதுபவன் அதன் மூன்று சுழியங்களையும் ஒருமுறை உற்று நோக்கட்டும். எழுத்துரு மூன்றையும் ஒரே துளிகளோடு தரும். இரவில், ஆள் வருமுன் எழுதி முடிக்க விரைந்தவனின் மூன்றாவது சுழியம் வட்டமாக மூடியிருக்கவும் வேண்டியதில்லை.