எதிர்த்தலைவனின் உரையும் செயலும்: ‘பிளாக் பாந்தர்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

வெகுசனக் கலைவடிவங்களிலே வில்லன் எனப்படும் பாத்திரம் தீமையின் திரட்சியாக நின்றாலே போதும் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. அவன் ஏன் தீயவனாயினான் என்ற வினா எழுவதில்லை. அண்மைக்கால ஹொலிவூட்டின் அதிமானுட நாயகர் படங்கள் சிலவற்றில் இந்நிலை மாறியுள்ளது. வில்லன் நியாயம் பேசுகிறான். சிலவேளைகளில் நாயகனிலும் பார்க்கத் தெளிவாகப் பேசுகிறான். நியாயம் பேசுபவனை வில்லனாகவே நிலைநிறுத்துவது எங்ஙனம் என்பது இப்படங்களை ஆக்குவோர் எதிர்நோக்கும் பிரச்சினையாகும். ரியன் கூக்ளரின் நெறியாள்கையில் 2018 இல் வெளிவந்த ‘பிளாக் பாந்தர்’ இப்பிரச்சினையைக் கூர்மையாக வெளிப்படுத்துவதால் அதனையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம்.

வக்காண்டா, குடியேற்றவாதத்தின் கைபடாத கற்பனை ஆபிரிக்க இராச்சியம். வைபிரேனியம் என்னும் அரிய உலோகத்தால் பெற்ற செல்வத்தையும் தொழினுட்பத்தையும் உலகுக்கு மறைத்து வாழ்கிறது. அரசனின் தம்பி என்ஜோபு உளவாளியாக அமெரிக்காவின் ஒக்லண்ட் நகரிலே வாழ்கையில், கறுப்பின மக்களின் அவலத்தைக் கண்டு அவர்களுக்கு ஆயுதம் வழங்க முற்படுகிறான். 1992 இல் தமையனின் கையாலேயே மடிகிறான். அங்கே கைவிடப்பட்ட அவன் மகனே பின்னர் கில்மொங்கர் என்ற பெயருடன் வக்காண்டா வந்து, நாட்டின் மரபு விதித்த தனிப்போரில் வென்று அரியணை ஏறுகிறான். ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்கள் அனைவருக்கும் வக்காண்டாவின் ஆயுதங்கள் சென்றடைய வேண்டும் என்பதே அவன் கோரிக்கை.

இப்பாத்திரம் வளர்ந்தபின் முதலிலே தோன்றும் காட்சி தனியே நோக்கற்பாலது. பிரித்தானிய அரும்பொருளகம் ஒன்றில் ஆபிரிக்கப் பொருட்களின் முன் நின்று, அவற்றை உங்கள் முன்னோர் எவ்வாறு பெற்றனர், உரிய விலை கொடுத்தா, ஏனையவற்றைப் போல அள்ளிக்கொண்டா என்று பொறுப்பாளரான பெண்மணியிடம் அவன் வினவுகிறான். 1897 இல் பிரித்தானியப் படையினர் பெனின் நகரைச் சூறையாடிக் கொண்டுசென்ற வெண்கலச் சிற்பங்களை அறிந்தோருக்கு இது வெறும் கற்பனை வினாவன்று. அரங்கிலிருப்போர் அவன் பக்கம் சாயும் கணம் அது. மறுகணமே அப்பெண் நஞ்சினால் சரிந்து விழுகிறாள். அதன்பின் அவன் தன் காதலியைச் சுட்டு வீழ்த்துகிறான், புனித மூலிகைத் தோட்டத்தைப் பேணும் முதியவளின் கழுத்தை நெரிக்கிறான், தோட்டத்தையே எரிப்பிக்கிறான். பிரித்தானியப் பேரரசு தன்னைக் குறித்துப் பேசிய, சூரியன் மறையாத இராச்சியம் என்ற பெருமையும் அவன் வாயிலே வைக்கப்படுகிறது. இவற்றுள் எதுவும் அவனது கோரிக்கையிலிருந்து தவிர்க்கமுடியாது பிறப்பதன்று. கோரிக்கைக்கு மறுமொழி கூறாது கோருபவனைக் கறைப்படுத்தும் உத்தி இது. கறை பெரும்பாலும் பெண்களின் உடல்கள்மீது இழைக்கப்படும் வன்முறையால் பூசப்படுவதும் தற்செயலன்று என்றே கருதுகிறோம்.

வில்லனும் சமூகச் சூழலின் விளைவே என்று காட்டியமைக்காக இப்படத்தை முற்போக்கானதெனப் பாராட்டும் நண்பர்கள் உளர். அவன் எந்தச் சூழலின் விளைவு என்பதைப் படம் அவர்களிலும் துல்லியமாக அறியும். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் அலுவலர் றொஸ், அவன் வக்காண்டாவைச் சேர்ந்தவன் அல்லன், எங்களவன் என்கிறார். ஆட்சி கைமாறும் வேளையில் ஒரு நாட்டைக் குலைப்பதற்கு அமெரிக்கப் படையே அவனைப் பயிற்றியது. ஆப்கானிஸ்தானில் அவன் செய்த கொலைகளும் எடுத்துரைக்கப்படுகின்றன. இத்துணை வெளிப்படையான ஒப்புதல் பெருமுதலீட்டுப் படமொன்றில் அரிது. ஆயின் அவ்வொப்புதலால் விளைந்தது யாது? பயிற்றப்பட்டவன் கொல்லப்படுகிறான், பயிற்றிய அரசின் பிரதிநிதியோ நாயகனின் தோழனாகி, ஆயுதம் ஏற்றிச் செல்லும் வானூர்திகளைச் சுட்டு வீழ்த்துகிறார். கனிவளம் மிக்க கொங்கோவின் முதற் பிரதமர் லுமும்பாவை நஞ்சூட்டிக் கொல்ல 1960 இல் இதே நிறுவனம் திட்டமிட்டதை, 1975 இல் அமெரிக்கச் செனற் சபையின் விசாரணைக் குழுவே வெளிப்படுத்தியது. ஆபிரிக்கக் கனிவளம் பற்றிய கதையொன்றில் அந்நிறுவனத்தவர் ஆபிரிக்காவின் மீட்பருள் ஒருவராக நிற்பதைக் கருத்துநிலையின் தொழிற்பாடு என்றன்றி வேறெவ்வாறு விளக்குவது?

ஒக்லண்ட் என்ற களமும் வெறுமனே தெரியப்பட்டதன்று. ஹியூ நியூட்டனும் பொபி சீலும் 1966 ஒக்ரோபரில் கருஞ்சிறுத்தைக் கட்சியை நிறுவிய நகர் அதுவே. (கொமிக் நாயகன் அதற்குச் சில மாதங்கள் முன்னரே தோன்றிவிட்டான், பெயரொற்றுமை திட்டமிட்டதன்று.) அக்கட்சி ஆயுதந் தாங்கிப் பொலிசாரைக் கண்காணித்தது, 1969 முதல் சிறுவர்க்கு இலவசக் காலையுணவும் வழங்கியது. அதன் அரசியலில் இவை ஒரே போராட்டத்தின் இரு கூறுகள். திரைப்படமோ இரண்டையும் பிளந்து, ஆயுதத்தை வில்லனிடமும் சமூகசேவையை அரசனிடமும் பகிர்ந்தளிக்கிறது. நாயகன் டிச்சல்லா இறுதியில் ஒக்லண்டில் கட்டடங்களை வாங்கிச் சேவை நிலையம் அமைக்கிறான். பறிக்கப்பட்ட உரிமை கொடையாகத் திரும்பி வருகிறது. மக்கள் திரளுக்கு இதில் இடமில்லை. வில்லனின் திட்டத்திலும் இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலிருந்து ஆயுதம், அன்றேல் மேலிருந்து தருமம் என்ற அளவிலேயே படத்தின் கற்பனை நின்றுவிடுகிறது.

1888 இல் மார்கிறெற் ஹார்க்னஸுக்கு வரைந்த கடிதத்திலே, பால்சாக்கின் அரசியற் சார்பையும் மீறி அவர் படைப்பில் யதார்த்தம் வெற்றிகொண்டதை ஏங்கெல்ஸ் சுட்டினார். இப்படத்திலும் அத்தகைய மீறல் நிகழ முனைகிறது. பால்சாக் தாம் பரிவுகொண்ட வகுப்பினரின் வீழ்ச்சியைத் தடுக்க முயலவில்லை. இங்கோ பாத்திரம் தன் தர்க்கத்தின்படி நடக்கத் தொடங்கும் இடந்தோறும் ஒரு கொலை குறுக்கிடுகிறது. எனினும் மீறலை முற்றாக அடக்க முடியவில்லை. காயத்தை ஆற்றுவதாக டிச்சல்லா கூறுகையில், சிறையைவிட, அடிமைக் கப்பல்களிலிருந்து கடலிற் குதித்த முன்னோரின் சாவே மேல் என்று அவன் மறுத்துவிடுகிறான். பெரும்பாலும் கறுப்பினக் கலைஞரால் ஆக்கப்பட்டு, 130 கோடி டொலருக்கு மேல் ஈட்டிய இப்படத்தில், அவ்வடிமைக் கப்பல்களின் வரலாறு சாகின்ற வில்லனின் வாயிலாகவே இவ்வளவு நேராகப் பேசப்படுகிறது.

அதன் பின்னரே ஒக்லண்ட் காட்சி. கில்மொங்கர் சிறுவனாய் விளையாடிய அதே கூடைப்பந்துத் திடலில், வானூர்தியிலிருந்து இறங்கிய அரசனைப் பார்த்து ஒரு சிறுவன், நீர் யார் என்று கேட்கிறான். டிச்சல்லா புன்னகைக்கிறான், படம் அவ்விடத்தில் இருண்டுவிடுகிறது.