யார்டு ஓடட்டும், செயலி மாறட்டும்

கன்டெய்னர் யார்டில் எதையும் நிறுத்திவைத்துச் சரிசெய்ய நேரம் கிடைப்பதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் பக்கத்திலிருக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் பெட்டி ஏற்றிப் போகும் டிரெய்லர்கள் இரவு பகல் பார்ப்பதில்லை. கேட்டில் ஒருவர், யார்டில் சர்வேயர், ரீச் ஸ்டேக்கர் ஓட்டுநர், ஆபீஸில் டாகுமென்ட் பார்ப்பவர் என்று எல்லோரும் ஒரே அரட்டைக் குழுவில் இருப்பார்கள். அது பத்து நிமிடம் படுத்தால் வெளியே வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். இந்தப் பகுதி யார்டு ஒன்றுக்கு மென்பொருள் எழுதித்தருகிறவன் என்ற முறையில், எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஷிப்ட் நடக்கும்போதே இதை மாற்ற முடியுமா?

ராக்கெட்.சாட் என்ற அரட்டைத் தளத்தின் கட்டளைக் கருவியான ஆப்ஸ் சிஎல்ஐ முடியும் என்கிறது. சில மாதங்களாக அதோடுதான் வேலை செய்கிறேன். தளத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2015-ல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் கேப்ரியல் எங்கெல் தொடங்கியது, திறந்த மூலம், ஸ்லாக் செய்கிற வேலையை நம்முடைய சொந்த சர்வரில் செய்யும். அதற்குள் ஓடும் குட்டிச் செயலிகளை டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதி, ‘ஆர்சி-ஆப்ஸ்’ என்ற கட்டளையால் ஏற்றலாம். என்பிஎம் வழியாக நிறுவி, ‘கிரியேட்’ என்று அடித்தால் செயலியின் பெயர், எழுதியவர் பெயர் என்று நாலைந்து கேள்விகள் கேட்டுவிட்டுக் கூடு ஒன்றைக் கட்டித்தரும். இதெல்லாம் எல்லாக் கருவியும் செய்வதுதான்.

நான் எழுதிய செயலியின் வேலை பெட்டி எண்ணைச் சரிபார்ப்பது. யார்டில் பாதித் தொல்லை எண் மாறுவதால் வருகிறது. சர்வேயர் வெயிலில் நின்று பெட்டிக் கதவைப் பார்த்து போனில் தட்டுகிறார். 54 என்பது 45 ஆகிவிடுகிறது. அந்த எண்ணை நம்பி அடுக்கில் வேறு பெட்டியை இறக்கினால், மேலே உள்ளதையெல்லாம் நகர்த்திய டீசல் வீண், டிரெய்லர் காத்திருந்த நேரமும் வீண்.

இதைத் தடுக்கும் வழி பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது. ஐஎஸ்ஓ 6346 என்ற தரப்படி ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டம் போட்ட ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டது. எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு: ஏ என்றால் 10, அங்கிருந்து 11, 22, 33 ஆகியவற்றைத் தாண்டிக்கொண்டு இசட் 38-ல் முடியும். முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், பிறகு 4, 8 என்று இரட்டிப்பாக 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம். மீதி 10 என்றால் 0. பாடங்களில் வழக்கமாகக் காட்டும் எண் சி-எஸ்-க்யூ-யூ 305438. கூட்டினால் 6185, மீதி 3. அதில் 54-ஐ 45 ஆக்கிப் பாருங்கள்: கூட்டுத்தொகை 6249, மீதி 1. பெட்டியில் 3 என்று இருக்கும். கணக்கு 1 என்று சொல்லும். தவறு பிடிபட்டுவிட்டது.

குழுவில் யார் செய்தி போட்டாலும் என் செயலி அதைப் படிக்கிறது. பெட்டி எண் போல ஏதாவது இருந்தால் கணக்குப் போடுகிறது. தவறென்றால் ‘இந்த எண்ணை மறுபடி பாருங்கண்ணா’ என்று போட்டவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு வரி. இப்படி ஒருவர் கண்ணுக்கு மட்டும் செய்தி காட்டும் வசதி தளத்திலேயே இருக்கிறது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். முப்பது பேர் முன்னால் தப்பைச் சுட்டிக்காட்டினால், மறுநாளிலிருந்து அந்த மனிதர் குழுவில் எழுதாமல் போனில் பேச ஆரம்பித்துவிடுவார்.

இனி, இந்தக் கருவியில் என்னைக் கட்டிப்போட்ட குணத்துக்கு வருகிறேன். எண்ணை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஒருவர் நடுவில் இடைவெளி விடுவார், ஒருவர் கோடு போடுவார், ஒருவர் கடைசி இலக்கத்தைச் சாய்கோட்டுக்குப் பிறகு எழுதுவார். ஒவ்வொன்றையும் யார்டுதான் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. சாய்கோட்டு வழக்கம் தெரியவந்தது இரவு ஷிப்ட்டில். ஒரு வரி திருத்தினேன். ‘ஆர்சி-ஆப்ஸ் டிப்ளாய்’ என்று அடித்தேன். கருவி நிரலைச் சரிபார்த்து, பொதியாகக் கட்டி, சர்வரில் பழையதற்குப் பதில் புதியதை உட்காரவைத்தது. சர்வரை மறுபடி தொடங்கவில்லை. யாரையும் வெளியே தள்ளவில்லை. கேட்டிலிருந்து வந்த அடுத்த செய்திக்கே புதிய விதி வேலை செய்தது. ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது போன்ற காரியம் இது. இவ்வளவு அமைதியாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த அமைதிக்குப் பின்னால் இரண்டு காரணங்கள். டைப்ஸ்கிரிப்ட்டில் பிழை இருந்தால் கருவி பொதி கட்டவே மறுக்கிறது. எந்தக் கோப்பு, எந்த வரி என்று காட்டிவிட்டு நின்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் எழுதிய நிரல் சர்வர் வரை போகாமல் இங்கேயே மடங்கிவிடுகிறது. இரண்டாவது, ராக்கெட்.சாட்டின் புதிய பதிப்புகளில் செயலிகள் டீனோ என்ற தனி இயக்கச்சூழலில், தளத்தின் முதன்மை நிரலுக்கு வெளியே ஓடுகின்றன. என் செயலி விழுந்தாலும் அரட்டை விழாது. சர்வர் எங்கள் கட்டடத்திலேயே இருப்பதால், ஆபீஸுக்கு வரும் இணைய இணைப்பு அறுந்தாலும் உள் வலைப்பின்னலில் பேச்சு தொடரும். போன் அறிவிப்புகள் மட்டும் வராது, அவை வெளியே உள்ள நுழைவாயில் வழியாகப் போகவேண்டியவை.

புயல் கூண்டுக்கென்று இன்னொரு சிறு செயலியும் எழுதினேன். 1 முதல் 11 வரை கூண்டு எண் எது என்று நிர்வாகப் பக்கத்தில் மாற்றினால் எல்லாக் குழுக்களுக்கும் செய்தி போகும். ‘ஜெனரேட்’ கட்டளை அமைப்புப் பக்கத்துக்கான எலும்புக்கூட்டைக் கொடுத்துவிட்டதால் ஒரு மாலை வேலைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததைப் பார்த்த எண்ணூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். பதிவுகளைப் பார்ப்பது பெரிய இம்சை. செயலி உள்ளே என்ன செய்கிறது என்று அறிய, கட்டளைத் திரையை விட்டுவிட்டு உலாவியில் நிர்வாகப் பக்கம் திறந்து, செயலியைத் தேர்ந்து, பதிவுகள் பகுதிக்குப் போய், ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். ஸ்லாக்கின் கட்டளைக் கருவியில் ‘ஆக்டிவிட்டி’ என்று அடித்தால் பதிவுகள் திரையிலேயே ஓடிவரும். எழுதுவது, கட்டுவது, ஏற்றுவது மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துத்தரும் கருவி, பார்ப்பதற்கு மட்டும் வேறு வாசலுக்கு அனுப்பக்கூடாது.

கடவுச்சொல் விஷயம் இதைவிட எரிச்சல். ஏற்றும் கட்டளைக்குப் பக்கத்திலேயே நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டும் முறையைத்தான் எடுத்துக்காட்டுகள் முதலில் காட்டுகின்றன. அல்லது ஓர் அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதிவைக்கலாம். யார்டு ஆபீஸ் கணினியில் மூன்று ஷிப்ட் ஆட்கள் உட்காருவார்கள், கடவுச்சொல் எல்லோர் கண்ணிலும் படும். டோக்கன் கொடுத்தும் ஏற்றலாம் என்பதால் அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள். அந்த அமைப்புக் கோப்பு கிட் களஞ்சியத்துக்குள் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இலவசத் திட்டத்தில் நாமே எழுதிய தனிச் செயலிகளுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். மூலநிரல் திறந்திருக்கிறது, சர்வர் நம்முடையது, நிரல் நாம் எழுதியது. அதை ஓட்டக் கட்டுப்பாடு வைப்பது சிறு அலுவலகங்களைத்தான் வதைக்கும். திட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், எழுத உட்காரும் முன் இன்றைய விதியைப் பாருங்கள்.

சென்னைக்காரனாகக் கேட்டால் ஜோஹோவின் அரட்டைத் தளமான கிளிக் என் மனதுக்கு நெருக்கம். அதில் பாட்களை டெலுஜ் மொழியில் உலாவியிலேயே எழுதிவிடலாம். சர்வர் பராமரிக்கும் கவலை இல்லை. நிரலாளர் இல்லாத ஆபீஸுக்கு நான் அதையே சொல்வேன். தரவு தன் கட்டடத்துக்குள்ளேயே இருக்கவேண்டும், இணையம் போனாலும் பேச்சு நிற்கக்கூடாது என்று நினைக்கிற, நிரலாளர் ஒருவராவது கைவசம் உள்ள யார்டுக்கு ஆப்ஸ் சிஎல்ஐதான் பொருத்தம். சோதனைக்குத் தனி சர்வர் ஒன்று வைத்து, பெட்டி எண் செயலியிலிருந்தே தொடங்குங்கள்.