பாஷாண் ஏரிப் பைத்தியம்

புனேக்கு மாற்றலாகி வந்த புதிதில், "பாஷாணில் வீடு பார்த்திருக்கேன்" என்று ஊருக்கு போன் போட்டதும் அம்மா பதறிப்போனாள். நமக்கு பாஷாணம் என்றால் விஷமாயிற்றே! மராத்தியில் வெறும் கல்தான். அந்தக் கல்லுக்குள் ஓர் ஏரி இருந்து என்னை இப்படிப் பைத்தியமாக்கும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

ராம் நதியைத் தேக்கி உண்டாக்கிய ஏரி இது. வெள்ளைக்காரன் காலத்தில் கவர்னர் மாளிகைக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போனது. மாளிகை இன்று புனே பல்கலைக்கழகம். ஏரி இன்று நாமக்கோழிக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் சொந்தம்!

போன டிசம்பரில் ஒரு காலை. கரையோர மூங்கில் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். குரங்குக் குல்லாய் போட்ட ஆஜோபா ஒருவர் (தாத்தாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினார். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று, அலகைக் கீழே குத்திட்டபடி, தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் படபடவென்று இறக்கையடித்துக்கொண்டிருந்தது. நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி! நான் மூச்சே விடவில்லை. தொப்பென்று விழுந்தது, அலகில் மீனோடு எழுந்தது. ஆஜோபாவுக்கு அவரே பிடித்த மாதிரி பெருமை. தன் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். மூன்று வருஷமாக லிஃப்டில் தலையசைப்போடு சரி என்றிருந்த எதிர்வீட்டுக்காரரோடு நான் சிநேகமானதும் இதே கரையில்தான். பறவையைக் காட்டிப் பேச்சு ஆரம்பித்தால் மொழி ஒரு தடையே இல்லை!

குறை இல்லாமலா? ஆகாயத்தாமரை இருக்கிறது. ஊதாப் பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாக்கடையின் உரத்தைத் தின்று கொழுத்து, தண்ணீரை மூடி, மீனுக்கு மூச்சுத் திணறவைக்கும். எத்தனை தடவை அள்ளினாலும், சாக்கடை வரும்வரை அதுவும் வரும். இதே புனேயின் சாரஸ் பாக் பூங்காவில், பேஷ்வா காலத்து ஏரித்தீவில் இருந்த பிள்ளையாருக்கு இன்றும் 'தள்யாத்லா கணபதி', அதாவது ஏரிப் பிள்ளையார் என்றுதான் பெயர். ஏரியைத்தான் காணோம். அந்தக் கதி பாஷாணுக்கு வந்தால் நான் தாங்கமாட்டேன்.

புனே வந்தால் ஷனிவார் வாடா கோட்டை மத்தியானம் இருக்கட்டும், முதலில் இங்கே வாருங்கள். குளிர்காலமானால் வலசை வாத்துகளும் கிடைக்கும். பறவைக்குப் போட பொரி பாக்கெட் வேண்டாம். ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது கழற்றிக் கொடுப்பார்கள்.