சட்டத்தரணி இல்லாத அறை

புரூனோ கிரெமேர் நடித்த 'மெக்ரே' தொடர் பிடித்துப்போனவர்கள் அதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சூழல். ஈரம் காயாத பாரிஸ் தெருக்கள், புகைக்குழாய், கனத்த மேலங்கி, லோறோன் பெத்திஜிறாரின் சோம்பலான இசை. காரணம் தவறில்லை, ஆனால் போதாது. சூழல்தான் வேண்டுமென்றால் பழைய கார்கள் நாலைந்தை வாடகைக்குப் பிடிக்கக்கூடிய எந்தத் தயாரிப்பாளரும் தந்துவிடுவார். புடாபெஸ்டில் எடுக்கப்பட்ட மைக்கேல் கம்பன், றோவன் அட்கின்சன் பதிப்புகளிலும் சூழலுக்குக் குறைவில்லை. 1991 முதல் 2005 வரை 54 படங்களாக வந்த இந்தப் பிரெஞ்சுத் தொடரை அவற்றுக்கு மேலே வைக்கச் செய்வது வேறொன்று. அதை இனங்கண்டால்தான் தொடரின் குறையையும் சரியாகச் சுட்டலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஜோர்ஜ் சிமெனோன் 1931 தொடக்கம் 1972 வரை பாரிஸ் பொலிஸ் அதிகாரி மெக்ரேயை வைத்து 75 நாவல்களும் 28 சிறுகதைகளும் வெளியிட்டார். துப்பறியும் கதை என்ற வகையில் அவற்றிற் பலவற்றின் கட்டுமானம் மெலிந்தது. தடயம் பொறுக்கிக் கோக்கும் வேலை குறைவு. கொலையாளி யார் என்பது பாதிப் புத்தகத்திலேயே பிடிபட்டுவிடும். அகதா கிறிஸ்டியின் அளவுகோலை நீட்டினால் முக்கால்வாசி தேறாது. சிமெனோனின் அக்கறையே வேறு. ஒரு சாதாரண மனிதன் எந்தக் கட்டத்தில் எல்லை தாண்டினான் என்று அறிய, மெக்ரே அவனுடைய தெருவில் போய்க் குந்தியிருப்பார்; அவன் குடித்த கடையிலேயே குடிப்பார்; அவன் வீட்டுக் கதிரையில் இருந்து சுவரைப் பார்ப்பார். எழுத்தில் இது ஓடும். திரையில், ஒருவர் சும்மா இருப்பதை எதைக்கொண்டு காட்டுவது?

முந்தைய பிரெஞ்சுத் தொடரில் 1967 இலிருந்து 88 படங்களில் மெக்ரேயாக வந்த ஜோன் ரிஷார் அதைப் புகைக்குழாயாலும் தொப்பியாலும் ஈடுகட்டப் பார்த்தார். கிரெமேர் எதையும் ஈடுகட்டவில்லை. இந்தோசீனப் போரை வைத்து 1965 இல் வந்த '317ஆவது பிரிவு' படத்தில் படைவீரராக நடித்தபோதே அவரிடம் இருந்த சிக்கனம் இங்கே முழுமை பெற்றிருக்கிறது. அவருடைய மெக்ரே கேள்வி கேட்பதைவிடப் பதிலுக்குக் காத்திருப்பதே அதிகம். முகத்தில் வியப்பு இல்லை, வெற்றிப் புன்னகை இல்லை. எதிரில் இருப்பவர் பொய் சொல்லும்போதுகூடப் பொய்யென்று தெரிந்துவிட்டதாக அவர் காட்டிக்கொள்வதில்லை. அந்த மௌனம் பொய் சொல்பவருக்குப் பாரமாகிறது.

இது உச்சம் தொடுவது குளோட் கொறெத்தா இயக்கிய தொடக்ககாலப் படமான 'மெக்ரேயும் நெட்டைப் பெண்ணும்' என்பதில். கதை இதுதான். பெட்டகம் உடைக்கும் கள்ளன் ஒருவன், ஒரு பல் வைத்தியரின் வீட்டுக்குள் நுழைந்த இரவில் அங்கே ஒரு பெண்ணின் பிணத்தைக் கண்டு ஓடிவிடுகிறான். அவன் மனைவி, முன்னொரு காலத்தில் மெக்ரே கைதுசெய்தவள், வந்து சொல்கிறாள். பிணமும் இல்லை, முறைப்பாடும் இல்லை. இருப்பது ஒரு வைத்தியர், அவருடைய தாய், ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லப்படும் மனைவி. வைத்தியராக மைக்கேல் லோன்ஸ்டேல். இரண்டு பருத்த உடல்கள் மேசைக்கு இரு பக்கமும் இருந்து ஒருவரை ஒருவர் களைக்கச் செய்வதுதான் மிகுதிப் படம். அடி இல்லை, உரத்த குரல் இல்லை. குற்றத்தின் வேர் மகனிடம் அல்ல, தாய் மகன் உறவில் இருக்கிறது என்று பார்வையாளருக்குப் படிப்படியாக உறைக்கிறது. நாவலை ஒரு வரியும் விளக்காமல் நாவலின் வேலையைப் படம் செய்கிறது. தழுவல் என்ற கலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தொலைக்காட்சியில் தேடிப்பிடிப்பது சிரமம்.

எல்லாப் படங்களும் இந்தத் தரத்தில் இல்லை. இயக்குநர்கள் பலர், சிலருக்கு மந்தமும் நிதானமும் ஒன்றாகவே பட்டிருக்கிறது. உதவியாளர்களாக வரும் நடிகர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், நாவல்களில் லூக்காவும் ஜான்வியேயும் தரும் குடும்ப நெருக்கம் திரையில் கூடிவருவதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு திருமதி மெக்ரே. நாவல்களில் ரிஷார் லெனுவார் வீதி வீடும் அவருடைய சமையலும் அவர் கணவனிடம் கேட்காமல் விடும் கேள்விகளும்தான் மெக்ரேயின் பொறுமைக்கு ஊற்றுக்கண். தொடர் அவரை அரிதாகவே உள்ளே விடுகிறது. விளைவு, கிரெமேரின் மெக்ரே சிமெனோனுடைய மெக்ரேயைவிடத் தனிமையானவர், கொஞ்சம் இருண்டவர். நடிகருக்கு அது பொருந்திவிட்டதால் குறை பலருடைய கண்ணில் படவில்லை. 2005 இல் வந்த கடைசிப் படத்தில் நோயால் கிரெமேரின் குரல் போய்விட, இன்னொருவர் குரல் கொடுத்தார். அந்தப் படத்தை எடுக்காமலே விட்டிருக்கலாம்.

காலம் பற்றிய தீர்மானத்தை இன்னும் கறாராகப் பார்க்கவேண்டும். நாற்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட கதைகளைத் தொடர் 1950களுக்குள் குடியேற்றிவிட்டது. ஒருமைப்பாடு கிடைத்தது உண்மை. ஆனால் அந்தப் பாரிஸ் சிமெனோனுக்கே நினைவில் இருந்த நகரம்தான். 1945 இலிருந்து பத்தாண்டு அவர் வட அமெரிக்காவில் இருந்துகொண்டே பாரிஸை எழுதினார். பாரிஸில் இருந்துகொண்டு தன் ஊரான அல்லைப்பிட்டியை எழுதும் ஷோபாசக்தியை வாசித்த நமக்கு இந்த நிலை புதிதல்ல. வேறுபாடு என்னவென்றால், ஷோபாசக்தியின் நினைவு ஊரின் அழுக்கைக் கழுவ மறுக்கிறது. சிமெனோனின் நினைவு கழுவுகிறது, தொடர் அதை மினுக்கியும் வைக்கிறது. முதல் நாவலில் மெக்ரே கார் து நோர் புகையிரத நிலையத்தில் ஒருவனுக்காகக் காத்திருப்பார். அந்த நிலையத்தின் பின்புறம் லா ஷப்பலில் இன்று நம்மவர் கடைகள்; யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வீடுகளுக்கு அது உறவினரின் விலாசம். 1950களில் அந்தத் தெருக்களில் அல்ஜீரியர்கள் இருந்தார்கள். 1954 இல் அல்ஜீரியப் போர் தொடங்கியது. 1958 இல் மொறிஸ் பப்போன் பாரிஸ் பொலிஸின் தலைவரானார். 1961 ஒக்டோபர் 17 அன்று ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களை அவருடைய பொலிஸ் கொன்றது. உடல்கள் சென் ஆற்றில் வீசப்பட்டன. மெக்ரேயின் கந்தோர் யன்னல் திறப்பது அதே ஆற்றைப் பார்த்துத்தான். தொடர் அந்தப் பொலிஸின் கதையைச் சொல்கிறது. அந்தப் பொலிஸின் நிழலைக்கூடக் காட்டவில்லை.

மூலத்துக்கு உண்மையாக இருந்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் எழுதிய மெக்ரே கதைகளிலேயே போர் தலைகாட்டாதுதான். ஆனால் சிமெனோன் தன் காலத்தோடு கூடவே எழுதிக்கொண்டிருந்தவர். 1991 இல் எடுத்தவர்களுக்குப் பின்னே பார்க்கும் வசதி இருந்தது.

கிரெமேரும் லோன்ஸ்டேலும் எதிரெதிரே இருந்த அந்த அறைக்கு மீண்டும் வருவோம். தொடரின் ஈர்ப்பின் கரு அந்த விசாரணை அறைதான். அந்த அறையில் இரவு நீள்கிறது, பியரும் சான்ட்விச்சும் வருகின்றன, விடிகிற நேரம் குற்றவாளி உடைந்து சொல்லிவிடுகிறார். பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. பிரான்சில் காவலில் உள்ளவர் சட்டத்தரணியைச் சந்திக்கும் உரிமை 1993 இல்தான் சட்டமானது. விசாரணை நடக்கையில் அவர் பக்கத்தில் இருக்கும் உரிமை 2011 இல். மெக்ரேயின் கலையே இந்த இல்லாமையின் மேல் கட்டப்பட்டது. சட்டத்தரணி ஒருவர் கதவைத் தட்டியிருந்தால் பாதிப் படங்கள் முடிவே இல்லாமல் நின்றிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பவர் இதை ரசனைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தொடர் தொடங்கிய 1991 இல் குடாநாட்டில் மின்சாரமே இல்லை; ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து டெக்கில் விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. மெக்ரே நம்மிடம் வந்து சேர்ந்தது மிகப் பிந்தி, ஆங்கில உபதலைப்புகளோடு. ஆனால் பொலிஸ் முன் கொடுத்த வாக்குமூலம் என்றால் என்னவென்று அதற்கு எவ்வளவோ முன்பே ஊருக்குத் தெரியும். இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை ஏற்பதில்லை. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்ததாயின் ஏற்கலாம் என்றாக்கியது. மெக்ரே கொமிசேர், நம் கணக்கில் அந்தத் தரத்துக்குக் குறையாதவர். அவர் மென்மையாகக் கேட்கிறார் என்பதனால் நாம் நிம்மதியாகப் பார்க்கிறோம். அந்த மென்மைக்கு அவருடைய குணம் ஒன்றே உத்தரவாதம்; நிறுவனம் எந்த உத்தரவாதமும் தரவில்லை. நல்ல பொலிஸ்காரர் என்ற கற்பனை எவ்வளவு இனியதோ அவ்வளவு கவனமாக அதைக் கையாளவேண்டும்.

நேர்மையாக ஒன்றைச் சேர்க்கவேண்டும். 1996 இல் படமான 'ஒரு மனிதனின் தலை' நாவலில், தானே பிடித்துக் கொடுத்து மரணதண்டனைக்குக் காத்திருப்பவன் குற்றமற்றவனாக இருக்கலாம் என்று மெக்ரேக்குச் சந்தேகம் வருகிறது. அவன் தப்பியோடத் தானே வழிசெய்கிறார். சிமெனோனுக்குப் பொலிஸின் பிழை தெரிந்திருந்தது. ஆனால் அங்கும் பிழையைத் திருத்துபவர் மெக்ரேதான், நீதிமன்றம் அல்ல. ஆகவே என் தீர்ப்பு இரட்டைத் தீர்ப்பு. நாவலைத் திரையாக்கும் கலையில் இந்தத் தொடரின் சிறந்த பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு முதலிடம். சட்டமும் அதிகாரமும் பற்றிய சித்திரமாக அதற்குத் தேர்ச்சி இல்லை.

கைலாசபதிக்குப் பின்வந்த நம் திறனாய்வு துப்பறியும் கதையை வணிக எழுத்தென்று ஒதுக்கியதால், அந்த அறையின் குறைக்கு விடையாக நம் கையில் இருந்த ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டது. தேவனின் சாம்பு வங்கிக் குமாஸ்தா. தமிழ்வாணனின் சங்கர்லால் எதையும் அறிந்த நாயகன். சுஜாதாவின் கணேஷோ வக்கீல். 1968 இன் 'நைலான் கயிறு' முதலே கணேஷின் முதல் வேலை தன் கட்சிக்காரனைக் காப்பது. கொலையாளி அகப்படுவது அதன் பக்கவிளைவு. வாக்குமூலத்தைச் சந்தேகிக்கவேண்டியவர் அவர். மெக்ரேயின் அறையில் இல்லாத அந்த ஆள் தமிழில் இருக்கிறார். திரை அவரை என்ன செய்தது என்பதற்கு 1978 இன் 'பிரியா' போதும்: சிங்கப்பூர், சண்டை, பாட்டு. நாவலைத் தொடராக்கத் தமிழ்த் தொலைக்காட்சிக்குத் தெரியாது என்பதற்கில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை வைத்து நாகா எடுத்த 'மர்ம தேசம்', கிராமத்தையும் பயத்தையும் எவ்வளவு நன்றாகக் கட்டியெழுப்பியது என்பது தெரிந்ததே. கொறெத்தாவின் கட்டுப்பாட்டோடு, தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு கதையாக, பாட்டும் துரத்தலும் இல்லாமல் கணேஷை யாராவது எடுக்கட்டும். மேசைக்கு இந்தப் பக்கம் பொலிஸ், அந்தப் பக்கம் சந்தேகநபர், பக்கத்துக் கதிரையில் கறுப்புக் கோட்டோடு ஒருவர்.